சிவப்புக் காது ஆமைக்குத் தண்ணி மட்டும் காணுமா, தரையும் வேணுமா? கண் வீங்கிக் கிடக்கு, சாப்பிடுதில்லை

நிலவன் அம்மா, வெள்ளவத்தை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிஞ்ச ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.

மகன்ட பிறந்தநாளுக்கு அவன்ட வகுப்புப் பிள்ளை ஒண்டு ஆமைக்குட்டி ஒண்டைக் கொண்டுவந்து குடுத்திட்டுது. மீன் கடைகளில கண்ணாடித் தொட்டியில போட்டு வச்சிருப்பாங்களே அதுதான், ஓடு பச்சை, கண்ணுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் சிவப்புக் கோடு. அதோட ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி, நடுவில பிளாஸ்டிக் தென்னை மரம் வச்ச ஒரு திட்டு. கடையில சொல்லிவிட்டதாம் ஓடு பாதி நனையிற அளவுக்குத் தண்ணி விட்டாக் காணும், காய்ஞ்ச இறால் ரெண்டு போட்டாக் காணும், வேற ஒண்டும் தேவையில்லை எண்டு. நாங்களும் அப்பிடித்தான் செய்துகொண்டு வாறம்.

முதல்ல நல்லாத்தான் ஓடித் திரிஞ்சது, ஆள் கிட்டப் போனா தலையைத் தூக்கிப் பாக்கும். இப்ப கொஞ்ச நாளா சாப்பாடு குறைவு, கண் ரெண்டும் வீங்கி மூடின மாதிரிக் கிடக்கு, நேத்து தூக்கிப் பாக்கேக்க ஓட்டின்ட ஓரம் விரலுக்கு மெத்தெண்டு பட்டுது. ஆமை ஓடு எண்டா கல்லு மாதிரி இருக்கோணும்தானே, எனக்குப் பயமாப் போச்சு. மகன் பள்ளிக்கூடத்தால வந்தா சப்பாத்துக் கழட்ட முன்னமே அதைத்தான் போய்ப் பாக்கிறான், அதுக்கு ஏதும் நடந்தா அவனைச் சமாளிக்கேலாது.

வீட்டில ஆளுக்கொரு கதை. அவர் சொல்லுறார் இது தண்ணியில வாழுற சாதி, பெட்டியை நிரப்பித் தண்ணி விடு எண்டு. மாமி சொல்லுறா, ஊரில கிணத்தடியில ஆமை தரையிலதானே திரிஞ்சது, எந்த நேரமும் ஈரத்தில கிடக்கிறதாலதான் ஓடு ஊறிப் போச்சு, குளியலறைத் தரையில விடு எண்டு. அதோட 'ஆமை புகுந்த வீடு' எண்டும் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறா, அது வேற. யூடியூப்பில பாத்தா ஒருத்தர் பெரிய தொட்டி வச்சிருக்கிறார், இன்னொருத்தர் மண்ணில விட்டு வளக்கிறார், பாக்கப் பாக்கக் குழப்பம்தான் கூடுது.

தண்ணியா, தரையா, ரெண்டுமா? ரெண்டும் எண்டா எது எவ்வளவு? எங்களிட்ட முற்றம் இல்லை, மூண்டாம் மாடி பிளாட், ஒரு சின்ன பால்கனி மட்டும்தான் இருக்கு.


கடலோரம், கல்கிசை:

அக்கா, தண்ணி ஆமைதானே, தண்ணியிலயே விடுங்கோ. கடலாமை எல்லாம் வாழ்க்கை முழுக்கக் கடலுக்குள்ளதானே கிடக்கு, கரைக்கு வாறது முட்டை போட மட்டும்தான், அதுவும் பொம்பிளை ஆமை மட்டும். கொஸ்கொட பக்கம் போய்ப் பாத்தா தெரியும், குஞ்சு வெளிய வந்தவுடனே நேரா கடலுக்குத்தான் ஓடும். தரையில விட்டா காய்ஞ்சு போயிடும் எண்டுதான் நான் நினைக்கிறன்.


தொட்டிக்காரன், தெஹிவளை:

தங்கச்சி, ரெண்டும் வேணும். இதில ஒண்டைக் குறைச்சாலும் இந்த ஆமை கன நாளைக்குத் தாங்காது. நான் இந்த இனத்தைப் பல வருஷமா வளக்கிறன், இப்பவும் ரெண்டு பெரிசு வீட்டில நிக்குது, அந்த அனுபவத்திலதான் சொல்லுறன், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா வாசியுங்கோ.

கடலோரம் தம்பி கடலாமையைப் பத்திச் சொன்னது சரிதான், நம்மட கரைக்கு வந்து முட்டை போடுற அஞ்சு இனமும் அப்பிடித்தான். ஆனா அந்தக் கணக்கை இதுக்குப் போடேலாது. கடலாமைக்குக் கால் இல்லை, துடுப்புத்தான், அது கடலுக்கெண்டே ஆன உடம்பு. இவங்கட வீட்டில நிக்கிறது சிவப்புக் காது ஸ்லைடர். அமெரிக்காவில மிசிசிப்பி ஆத்துப் பக்கத்து ஆமை, அங்க குளத்திலயும் மெல்லமா ஓடுற ஆத்திலயும் கிடக்கும், சாப்பிடுறது ஓடி ஒளியிறது நித்திரை கொள்ளுறது எல்லாம் தண்ணிக்குள்ள, ஆனா வெயில் வந்தா விழுந்து கிடக்கிற மரக்கட்டையில ஏறி, ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிக்கொண்டு மணித்தியாலக் கணக்கா வெயில் காயும். அந்த வெயில் காயிறது அதுக்குச் சாப்பாடு மாதிரி, இல்லாட்டி உடம்பு கெட்டுத்தான் போகும்.

முதல்ல தண்ணியைப் பத்திச் சொல்லுறன். ஓடு பாதி நனையிற தண்ணி காணவே காணாது. இந்த ஆமைக்கு வாயில எச்சில் போதாது, தலை தண்ணிக்குள்ள இருந்தாத்தான் சாப்பாட்டை விழுங்கும், அதால தரையில சாப்பாடு போட்டா வாயில வச்சுக்கொண்டு தண்ணியைத் தேடி ஓடும். மாமி சொன்ன மாதிரி குளியலறைத் தரையில விட்டா பட்டினியும் கிடக்கும், உடம்பும் வத்தும். தண்ணியின்ட ஆழம் ஓட்டின்ட நீளத்தைப் போல ரெண்டு மடங்காவது இருக்கோணும். ஆமை தாழும் எண்டு பயப்பிடாதீங்கோ, ஆழம் குறைஞ்ச தண்ணியில மல்லாக்க விழுந்தாத்தான் திரும்பேலாம மூச்சு முட்டிச் சாகும், ஆழம் இருந்தா பிரண்டு திரும்பிடும். ஆனா உங்கட குட்டிக்கு இப்ப உடம்பு சரியில்லை, பலமும் இல்லாம இருக்கும், அதால உடனே நிரப்பி விடவேண்டாம், ஏறி நிக்கிற இடத்தைச் சரியா வச்சிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ.

அடுத்தது தரை. உங்கட பெட்டியில இருக்கிற தென்னை மரத் திட்டு பேருக்குத்தான் தரை. ஆமை முழுசா மேல ஏறி, அடிவயிறு ஓடு உட்பட எல்லாம் காயுற இடம்தான் தரை. அந்தத் திட்டு வழுக்கும், ஏறினாலும் பின்பக்கம் தண்ணிக்குள்ளதான் தொங்கும். கையை வச்சுப் பாருங்கோ, உங்கட கைக்கு ஈரம் பட்டா அது தரை இல்லை.

ஏன் இவ்வளவு காயோணும் எண்டா, ஒண்டு சூடு. ஆமைக்கு நம்மள மாதிரி உடம்புக்குள்ள சூடு உண்டாகாது, வெயில்ல ஏறினாத்தான் சாப்பாடு செமிக்கும், நோயை எதிர்க்கிற சக்தியும் வரும். ரெண்டாவது, வெயில்ல இருக்கிற யூவீபி கதிர் தோலில பட்டாத்தான் விட்டமின் டி3 உண்டாகும், அது இல்லாட்டி கல்சியம் எவ்வளவு குடுத்தாலும் உடம்பில பிடிக்காது. அப்ப உடம்பு என்ன செய்யும், எலும்பிலயும் ஓட்டிலயும் இருக்கிற கல்சியத்தை இழுத்து எடுக்கத் தொடங்கும். உங்கட விரலுக்கு மெத்தெண்டு பட்டுது எண்டு சொன்னீங்களே, எனக்கு அதுதான் பயம். குட்டியில ஓரம் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கிறது இருக்கலாம், ஆனா முதல்ல இறுக்கமா இருந்தது இப்ப மெத்தெண்டு வருது எண்டா கவனிக்க வேண்டிய விஷயம். மூண்டாவது, ஓடு காய்ஞ்சாத்தான் பாசியும் பூஞ்சணமும் பிடிக்காது, பழைய செதிலும் கழண்டு விழும். வளருற ஆமைக்கு ஓட்டில இருந்து கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய செதில் உரியும், அது நல்லது, பயப்பிடாதீங்கோ, நகத்தால கிளப்பவும் வேண்டாம். ஆனா வெள்ளையாக் குழி விழுந்தா, மணம் வந்தா, அமத்தேக்க நீர் கசிஞ்சா அது ஓடு அழுகுறது.

அதால மாமி சொன்னதில பாதி உண்மை இருக்கு தங்கச்சி, எந்த நேரமும் ஈரத்தில கிடந்தா ஓடு கெடும்தான். அவரும் சரி, தண்ணி கூட வேணும்தான். ரெண்டு பேரும் சொன்னதைச் சேத்துச் செய்தாச் சரியா வரும்.

கண் வீக்கம் பெரும்பாலும் விட்டமின் ஏ குறைஞ்சா வாறது, ஊத்தைத் தண்ணியாலயும் வரும். காய்ஞ்ச இறாலை மட்டும் குடுத்தா ரெண்டும் நடக்கும், அதில சத்து ஒண்டும் பெரிசா இல்லை, தண்ணியும் கெதியில நாறிப் போகும். ஆமைக்கெண்டு விக்கிற பெலட் சாப்பாடு வாங்குங்கோ, அதோட வல்லாரை, கொஞ்சம் கங்குன், துருவின கரட். பசளி வேண்டாம், அது கல்சியத்தைப் பிடிச்சு வச்சிடும். கணவாய் ஓட்டை நல்லாக் கழுவிக் காயவச்சு ஒரு துண்டு தண்ணியில போட்டு விடுங்கோ, கடிச்சுக் கடிச்சுத் தின்னும், நல்ல கல்சியம்.

ஒரு விஷயம் மட்டும் மனசில வையுங்கோ, ஜன்னல் கண்ணாடிக்குள்ளால வாற வெயிலில யூவீபி இல்லை. கண்ணாடி அதை மறிச்சிடும். ஜன்னலோரம் தொட்டி வச்சிட்டு வெயில் படுகுதுதானே எண்டு இருக்கிற ஆக்கள் கனபேர், ஆமைக்குச் சூடு மட்டும்தான் போகும், அந்தக் கதிர் போகாது.


கொட்டாஞ்சேனைப் பொடியன்:

தொட்டிக்காரன் அண்ணே நல்லா விளங்கப்படுத்திட்டார். நான் மாமி சொன்ன கிணத்தடி ஆமைக்கு வாறன், ஏனெண்டா எங்கட வீட்டிலயும் இதே சண்டை வந்தது. எல்லா ஆமையும் ஒண்டில்லை, எந்த ஆமை எண்டு பாக்காம தண்ணியா தரையா எண்டு கேட்டா பதில் வராது.

கிணத்தடியில, வயல் வாய்க்கால்ல, மழை பெஞ்சா எங்கட கான்ல கூட வாற கறுப்பு ஆமை, சிங்களத்தில கல் இப்பா எண்டுவாங்க, அது தண்ணியிலயும் இருக்கும், இரவில வெளிய வந்து தரையிலயும் மேயும். மாமி பாத்தது அநேகமா அதுவாத்தான் இருக்கும். பாலாமை, அதுதான் கிரி இப்பா, ஓட்டுக்கு மேல தோல் மூடி மெதுமெது எண்டு இருக்கும், பின்னங்கால் மடிக்கிற இடத்தில மூடி மாதிரி தோல் இருக்கும். அது மத்ததை விட கூடத் தண்ணிக்குள்ளயும் சேத்துக்குள்ளயும்தான் கிடக்கும், குளம் வத்தினா சேத்துக்குள்ள புதைஞ்சு மழை வரும் வரைக்கும் இருக்கும். அதோட ஓடு மெத்தெண்டு இருக்கிறது வருத்தம் இல்லை, பிறவியே அப்பிடி. இந்தப் பாலாமை இலங்கையில மட்டும் இருக்கிற இனம் எண்டு இப்ப பிரிச்சுச் சொல்லுறாங்க.

நட்சத்திர ஆமை முழுக்கத் தரை ஆமை. மன்னார், வில்பத்து, யால மாதிரி வறண்ட பக்கம்தான் அதுக்குச் சரி. புல்லும் இலையும் தின்னும், குடிக்கத் தண்ணி வேணும், தட்டையான தட்டில கால் நனையிற அளவு வச்சாப் போதும், ஆழமான தண்ணியில போட்டா நீந்தத் தெரியாது, தாழ்ந்து செத்துப் போகும். எங்கட லேனில ஒருத்தர் ரோட்டில நிண்ட நட்சத்திர ஆமையைக் காப்பாத்துறன் எண்டு கொண்டுவந்து கிணத்துக்குள்ள விடப் போனவர், நல்ல காலம் பக்கத்து வீட்டு ஆச்சி பாத்து மறிச்சுப் போட்டா.

இந்த மூண்டும் நம்மட நாட்டு ஆமை, பிடிச்சு வீட்டில வளக்கிறது சட்டப்படி குற்றம், 1937ல இருந்தே வன விலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு. நட்சத்திர ஆமைக்கு 2019ல இருந்து உலக அளவிலயும் வியாபாரத் தடை. எங்கயாவது காயப்பட்டுக் கிடந்தா 1992க்கு அடிச்சு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கோ, வீட்டுக்குக் கொண்டு போகாதீங்கோ.


நிலவன் அம்மா, வெள்ளவத்தை:

எல்லாருக்கும் மிச்சம் நன்றி. தொட்டிக்காரன் அண்ணா, நீங்க எழுதினதை அவருக்கும் மாமிக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினனான், ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லேல்ல. மாமி இப்ப சாக்குத் துண்டு விரிச்சு அதை எங்க காயவைக்கலாம் எண்டு பால்கனியில இடம் பாத்துக்கொண்டு நிக்கிறா.

கை வச்சுப் பாத்தன், அந்தத் திட்டு முழுக்க ஈரம்தான்.

எங்கட பால்கனி கடல் பக்கம் பாத்தது, காலமை வெயிலே வராது, மத்தியானத்துக்குப் பிறகு நெருப்பு மாதிரி அடிக்கும். எவ்வளவு நேரம் வைக்கிறது, எந்த நேரம் நல்லது? பல்ப் வாங்கினா என்ன பல்ப் வாங்குறது? அதோட கீழ் வீட்டுக்காரர் சொல்லுறார் இவ்வளவு கஷ்டப்படாம பின்னால ஓடுற கால்வாயில விட்டா அது தன்பாட்டில வாழ்ந்திடும் எண்டு, அது பாவம் இல்லையா, இல்லாட்டி அதுதான் அதுக்கு நல்லதா? மகனுக்குச் சொல்லேல்ல இன்னும்.


மருதானை நானா:

தங்கச்சி, பால்கனில வெச்சா முதல்ல காக்காவ யோசிங்க. கொழும்புக் காக்கா சும்மா விடாது. எங்கட ஊட்டுல உம்மா சோத்துத் தட்டக் கீழ வெச்சிட்டுத் திரும்ப முந்தி கொண்டு போயிடும், இந்த அளவு ஆமைக்குட்டி அதுக்கு ஒரு வாய்தான். பூனையும் அப்பிடித்தான். கண்ணு பெரிசான கம்பி வலையால மூடுங்க, வெயில் உள்ள வரும். கண்ணாடி மூடி, பிளாஸ்டிக் மூடி போட வேணாம், அண்ணன் சொன்ன மாதிரி வெயில மறைக்கும், மேல சூடும் கூடிப் போகும்.

அடுத்தது, சின்னப் பாத்திரத்துத் தண்ணி எங்கட வெயில்ல சுறுக்கா கொதிக்கப் பாக்கும். ஆமைக்கு ஓடிப் போக இடம் இல்லாட்டி உள்ளயே வெந்து போகும், இது சும்மா சொல்ற கதை இல்ல. அதால பாத்திரம் பெரிசா ஈக்கணும், பாதிக்கு வெயில், பாதிக்கு நிழல், ஒரு பலகைத் துண்டக் குறுக்கால போட்டா நிழல் வந்திடும். நீங்க பக்கத்துலயே நில்லுங்க. வெச்சிட்டுச் சமைக்கப் போக வேணாம்.

உங்கட பக்கம் பின்னேரம் வெயில்தானே, மூணு மணிக்குப் பொறகு வைங்க, நாலரை வரைக்கும் போதும், முதல் நாள் ஒரு இருபது நிமிஷம், பொறகு கூட்டலாம். அஞ்சரை ஆறு மணி மஞ்சள் வெயில் பாக்க வடிவுதான், ஆனா சூரியன் இறங்கினாப் பொறகு அந்தக் கதிர் ரொம்பக் குறைஞ்சிடும், அதால பிரயோசனம் இல்ல.

ஏறுறதுக்கு காசு குடுத்து ஒண்டும் வாங்கத் தேவையில்ல. பழைய ஊட்டுக் கூரை ஓடு கிடைச்சா நல்லாத் தேச்சுக் கழுவி, ஒரு முனை தண்ணிக்குள்ளயும் மத்த முனை ஒரு தட்டைக் கல்லுக்கு மேலயும் வார மாதிரிச் சாய்ச்சு வைங்க. சொரசொரப்பு கால் நகத்துக்குப் பிடிக்கும், மேல ஏறினா காஞ்சும் ஈக்கும். ஆடக் கூடாது, கல்லுக்குக் கீழ மாட்டினா தாழ்ந்து போகும், அதால அழுத்தி அசைச்சுப் பாத்துட்டு வைங்க. செங்கல் போட வேணாம், கூர் ஈக்கி, அடிவயித்தக் கீறும். அடியில சின்னச் சின்ன வடிவுக் கல்லும் போட வேணாம், தின்னும். தலைய விடப் பெரிய கல்லா இருந்தாப் பரவாயில்ல.


வெட் மாணவி (ஹட்டன், இப்ப கொழும்பு):

அக்கா, நான் பேராதனைல மிருக வைத்தியம் கடைசி வருஷம் படிக்கிறேன், ட்ரெய்னிங்குக்காக கொழும்புல இருக்கேன். மத்தவங்க சொன்னதெல்லாம் நல்லா இருக்கு, ஆனா ஒண்ண அழுத்திச் சொல்லணும். கண்ணு மூடிப் போச்சு, சாப்பிடல, ஓடு மெத்துனு இருக்கு, இந்த மூணும் சேந்து வந்தா வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இல்ல. கண்ணு தெரியலனா சாப்பாடு முன்னாடி இருந்தாலும் எடுக்காது, சாப்பிடலனா விட்டமின் இன்னும் குறையும், கண்ணு இன்னும் வீங்கும், அப்படியே சுத்திக்கிட்டே போகும். டொக்டர்கிட்ட காட்டுங்க, போன் பண்ணி ஆமை பாப்பீங்களானு கேட்டுட்டுப் போங்க, எல்லாரும் பாக்க மாட்டாங்க. விட்டமின் ஏ ஊசி வேணுமா, எவ்வளவு வேணும்னு அவங்கதான் முடிவு செய்யணும், கூடிப் போனா தோல் உரிஞ்சு புண்ணாயிரும், அதனால பார்மசில சொட்டு மருந்து வாங்கி நீங்களா போடாதீங்க. மீன் எண்ணெய் மாத்திரைய உடைச்சு வாயில ஊத்தச் சொல்லுவாங்க, அதுவும் வேணாம்.

மூக்குல நுரை வருதா, வாயத் திறந்து மூச்சு விடுதா, தண்ணில ஒரு பக்கமா சாஞ்சு மிதக்குதா, இதையும் பாருங்க. அப்படி இருந்தா நெஞ்சுல சளி, அது இன்னும் அவசரம்.

பல்புனு கேட்டீங்க, ரெண்டு வேலைக்கு ரெண்டு வெளிச்சம். சூட்டுக்கு சாதாரண ஹீட் பல்ப், காயுற இடத்துல ஒரு 32 டிகிரி வந்தா நல்லது. யூவீபிக்கு ஊர்வனவுக்குன்னே விக்கிற பல்ப், வீட்டு எல்ஈடிலயோ மீன் தொட்டி நீல லைட்லயோ அது வராது. பெட்டில எத்தன சென்டிமீட்டர் தூரத்துல வைக்கச் சொல்லியிருக்கோ அப்படி வைங்க, நடுவுல கண்ணாடி வேணாம். இன்னொண்ணு, வெளிச்சம் எரிஞ்சிக்கிட்டே இருந்தாலும் அந்தக் கதிர் மாசக் கணக்குல குறைஞ்சிரும், பல்பப் பொறுத்து ஆறு மாசத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ ஒருக்கா மாத்தணும். பகல் பன்னிரண்டு மணித்தியாலம் போல எரியட்டும், ராத்திரி அணைச்சிருங்க. தண்ணிக்கு கொழும்புல ஹீட்டர் தேவைப்படாது, 24ல இருந்து 28 டிகிரி போதும், ஆனா ஏசி போடுற ரூம்ல மட்டும் வைக்காதீங்க, ராத்திரில தண்ணி குளிர்ந்து போகும், சளி பிடிக்கிறது பெரும்பாலும் அங்கதான். பைப் தண்ணிய முதல் நாளே வாளில பிடிச்சு மூடாம வைங்க, குளோரின் போயிரும்.

கால்வாய்ல விடாதீங்க அக்கா, தயவு செஞ்சு. இப்ப இருக்கிற நிலைல விட்டா கண்ணு தெரியாம ரெண்டு நாள்ல கபரகொய்யாவுக்கோ கொக்குக்கோ போயிரும், அது விடுதலை இல்ல. நல்லா ஆனப்புறம் விட்டாலும் தப்பு, இது நம்ம நாட்டு உயிர் இல்ல. ஐயூசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு போட்ட உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியல்ல இந்த ஆமையும் இருக்கு, ஐரோப்பால 1997லயே இறக்குமதிய நிறுத்திட்டாங்க. ஓடுற கால்வாய்ல, குளத்துல நம்ம பாலாமையும் கறுப்பு ஆமையும் காயுற இடத்த, சாப்பாட்ட எல்லாம் இது பிடிச்சிக்கும், நோயும் கொண்டு போகும். எனக்கு இதுல ரொம்ப வேதனை, ஏன்னா விக்கிறவங்க குட்டியா இருக்கிறப்ப மட்டும் காட்டுறாங்க, பொம்பிள ஆமை ஓடு 25, 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், நல்லா வச்சிருந்தா 20, 30 வருஷம் உயிரோட இருக்கும், இத வாங்குறப்பவே சொல்லணும். உங்களால முடியலனா வளக்கத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, இங்கயே கேட்டாலும் ஆள் கிடைக்கும்.

கடைசியா பையனுக்கு. ஆமை எவ்வளவு சுத்தமா தெரிஞ்சாலும் உடம்புல சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதுக்கு ஒண்ணும் செய்யாது, நமக்குத்தான் வயித்தால போகும், காய்ச்சல் வரும். சின்னப் பிள்ளைங்க வாயில வைக்கிறாங்கன்னுதான் அமெரிக்கால 1975லயே ஓடு 4 அங்குலத்துக்குக் குறைஞ்ச ஆமைய விக்கத் தடை போட்டாங்க. தொட்டா ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவணும், முத்தம் குடுக்கக் கூடாது, தொட்டியக் குசினி சிங்க்ல கழுவவே கூடாது. அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா ஆமையத் தொட விடாதீங்க.


கடலோரம், கல்கிசை:

கடலாமைக்கும் இதுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கு எண்டு இப்பதான் விளங்குது, தொட்டிக்காரன் அண்ணாக்கு நன்றி. ஒரு கேள்வி, ஓடு அழுகினா கொஞ்ச நாள் தண்ணியே இல்லாம காயவிடச் சொல்லி டொக்டர்மார் சொல்லுறதெண்டு கேள்விப்பட்டன், அப்ப தண்ணி இல்லாமலும் இருக்குமா?


தொட்டிக்காரன், தெஹிவளை:

இருக்கும் தம்பி, ஆனா அது வைத்தியத்துக்கு மட்டும். மருந்து பூசி உலர்ந்த பெட்டியில வச்சிட்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் தண்ணியில விட்டு, குடிக்கவும் சாப்பிடவும் விட்டுப் பிறகு எடுப்பாங்க. டொக்டர் சொன்ன நாளுக்கு மட்டும்தான். அதைப் பாத்திட்டு சில ஆக்கள் தாங்களே கிழமைக் கணக்கா உலர விடுறது, அதில சிறுநீரகம் பாதிக்கப்பட்டுச் செத்த ஆமையை நான் கண்டிருக்கிறன். நிலவன் அம்மாக்கு இது தேவையா எண்டு பாத்துத்தான் சொல்லேலும், இப்ப செய்யவேண்டாம்.

தங்கச்சி, பில்டர் கட்டாயம் வாங்குங்கோ, ஆமை மீனை விடக் கூட ஊத்தை ஆக்கும், தொட்டி அளவுக்கு ரெண்டு மடங்கு இழுக்கிற பில்டர் வேணும். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்துங்கோ. வேற பேசின் ஒண்டில சாப்பாடு போட்டு, திண்டு முடிய தொட்டிக்கு மாத்தினா தண்ணி கன நேரம் நல்லா இருக்கும். தொட்டி அளவுக்கு ஒரு பொதுக் கணக்கு, ஓடு ஒரு அங்குலத்துக்கு 40 லீட்டர் போல. இப்ப உங்களுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் பெட்டி காணும், கண்ணாடித் தொட்டிக்கு அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டாம்.


நிலவன் அம்மா, வெள்ளவத்தை:

மூண்டு இடத்துக்கு போன் அடிச்சன், ஒரு இடத்தில ஆமை பாக்கிற டொக்டர் சனிக்கிழமை காலமை வரச் சொன்னார். கால்வாய்க் கதையை விட்டிட்டம், மகனுக்கும் சொன்னனான் பெரிசா வளரும், கன வருஷம் பாக்கோணும் எண்டு, அவன் இப்பவே பெட்டிக்கு அளவு எடுக்கிறான். மாமி ஓடு ஒண்டு தேடி எடுத்துத் தேய்ச்சு வச்சிருக்கிறா. டொக்டரிட்ட எப்பிடிக் கொண்டு போறது, தண்ணியோடயா? த்ரீவீல்ல தான் போவம்.


வெட் மாணவி (ஹட்டன், இப்ப கொழும்பு):

தண்ணி வேணாம் அக்கா, ஆட்டத்துல பிரண்டுரும். காத்து ஓட்டை போட்ட ஒரு பெட்டி, அடியில ஈரத் துணி, மேல இன்னொரு ஈரத் துணியால லேசா மூடுங்க, இருட்டா இருந்தா பதட்டப்படாது. வெயில்ல வைக்காதீங்க, த்ரீவீல் காத்து நேரா அடிக்காம மடியில வைங்க. இப்ப குடுக்கிற இறால் பாக்கெட்டையும், அந்தத் தென்னை மரப் பெட்டி எப்படி இருந்துச்சுன்னு போட்டோவும் கொண்டு போங்க, டொக்டர் கேக்கிற பாதிக் கேள்விக்கு அதுலயே பதில் இருக்கும். கழிவு கொஞ்சம் கிடைச்சா சின்ன டப்பால எடுத்துக்குங்க, புழு இருக்கானு பாப்பாங்க. சனிக்கிழமை வரைக்கும் நாளைக்கு ரெண்டு தடவ இளஞ்சூட்டுத் தண்ணில, தாடை நனையாத ஆழத்துல, பக்கத்துல இருந்து ஒரு இருபது நிமிஷம் விடுங்க, கண்ணு பிசுபிசுப்பு கரையும், தண்ணியும் குடிக்கும். அதுக்கு முந்தி வாயத் திறந்து மூச்சு விட ஆரம்பிச்சா சனிக்கிழமைக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே கொண்டு போங்க.